ஏப்ரலில் பார்சிலோனா மீன் கண்காட்சி, கையோடு எந்தத் திருவிழாவைப் பார்க்கலாம்?

உப்பளக்காற்று:

வணக்கம் மக்களே. தூத்துக்குடியில் இறால், கணவாய் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வருகிற 2026 ஏப்ரல் 21, 22, 23 மூன்று நாளும் பார்சிலோனாவில் நடக்கிற கடல் உணவுக் கண்காட்சிக்கு நானும் எங்கள் முதலாளியும் போகிறோம். இது பிரஸ்ஸல்ஸில் நடந்த காலத்தில் போய்வந்தவர் எனக்கு முன்னால் இருந்த மேனேஜர், அவர் இப்போது இல்லை, எனக்கு ஐரோப்பாவே புதிது. அண்ணாச்சிக்கு (முதலாளியை ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) வயது 61. துபாய்க்கு அடிக்கடி போவார், அதைத் தாண்டிப் போனதில்லை.

திரும்புகிற விமானம் ஏப்ரல் 28 இரவு மாட்ரிட்டிலிருந்து. நடுவில் நாலரை நாள் இருக்கிறது. அதற்குத்தான் யோசனை கேட்கிறேன்.

டிராவல்ஸ்காரர் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். "ஸ்பெயின் வசந்தத் திருவிழாச் சுற்றுலா" என்று தலைப்புப் போட்டு, வலென்சியா நெருப்புத் திருவிழா, செவியா புனித வாரம், ஏப்ரல் ஃபெரியா, பார்சிலோனா புத்தகத் திருநாள், கோர்தோபா பூ முற்றங்கள் என்று ஐந்தையும் வரிசையாக எழுதியிருக்கிறார். ஒன்றுக்கும் தேதி இல்லை. கேட்டால் "அங்க மார்ச்சுல இருந்து மே வரைக்கும் திருவிழாதான் சார், எப்பப் போனாலும் இருக்கும்" என்கிறார். அண்ணாச்சி வேறு யாரோ அனுப்பிய வீடியோவில் நாலு மாடி உயரப் பொம்மையைத் தெரு நடுவில் நிறுத்திக் கொளுத்துவதைப் பார்த்துவிட்டு, "எலே, அதைப் பாக்காம ஊருக்கு வரப்படாது" என்று உத்தரவே போட்டுவிட்டார்.

அந்தத் தேதியில் நிஜமாகவே என்ன நடக்கும்? பெரியவரைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி எது? விசாவுக்குக் கண்காட்சி அழைப்புக் கடிதம் மட்டும் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டாசுக்காது:

தாளைக் கிழித்துப் போடுங்கள் சகோ. வலென்சியாவில் இரண்டு வருடம் இருந்தவன் சொல்கிறேன், அண்ணாச்சி கேட்ட திருவிழா, ஃபாயாஸ், மார்ச் 19 ராத்திரியோடு முடிந்துவிடும். புனித சூசையப்பர் திருநாள் அது. அந்தத் தேதி மாறவே மாறாது. ஏப்ரல் 24-ந்தேதி வலென்சியாவில் இறங்கினால் சாம்பல்கூட இருக்காது, ஏனென்றால் மறுநாள் காலையிலேயே கழுவித் துடைத்துவிடுவார்கள், முதல்நாள் ராத்திரி அங்கே ஐந்து மாடிக்கு எரிந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

சரி, பார்க்க முடியாவிட்டாலும் கேட்டுக்கொள்ளட்டும். மார்ச் 1-ந்தேதி தொடங்கி 19 வரை தினமும் பகல் 2 மணிக்கு மாநகராட்சி முன்னால் உள்ள சதுக்கத்தில் மஸ்கிளெத்தா என்று ஒன்று நடக்கும். பட்டப்பகலில் வாணவேடிக்கை, அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே கிடையாது, வெறும் புகை. எல்லாம் சத்தம்தான். சரம்சரமாகக் கட்டித் தொங்கவிட்ட வெடிகள் மெதுவாக ஆரம்பித்து, தாளம் கூடிக்கூடி, கடைசி ஒரு நிமிடத்தில் தரையே அதிரும். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரே நிலநடுக்கம். நான் முதல் தடவை காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என் கையைத் தட்டிவிட்டு, வாயைத் திறந்து வை என்று சைகை காட்டினார். வாயைத் திறந்தால் காதில் அழுத்தம் குறையுமாம். சிவகாசிப் பக்கத்து ஆள் நான், எனக்கு வெடி பற்றி ஒரு வலென்சியாப் பாட்டி பாடம் எடுத்தார்.

பொம்மைகளை மார்ச் 15 இரவுக்குள் தெருமுனைகளில் நிறுத்தி முடிப்பார்கள். பேட்டைக்கு ஒரு கமிட்டி, வருடம் முழுக்க வசூல், நம்ம ஊர் பிள்ளையார் சதுர்த்திக் கமிட்டி மாதிரியேதான், சண்டை உட்பட. அரசியல்வாதி, நடிகர், ஆட்டக்காரர் எல்லோரையும் கிண்டல் செய்து உருவங்கள் வைத்து, 19 ராத்திரி கொளுத்திவிடுவார்கள். தச்சர்கள் குளிர்காலம் முடிந்ததும் பட்டறையில் மிஞ்சிய மரக்கட்டைகளை வெளியே போட்டு எரித்ததுதான் தொடக்கம் என்பார்கள். நமக்குப் போகி என்றால் புரியும். இப்போது பாதிக்கு மேல் தெர்மோகோல், எரியும்போது கறுப்புப் புகை அப்பிக்கொள்ளும், அது எனக்குப் பிடிக்காத விஷயம். தீயணைப்புக்காரர்கள் பக்கத்துக் கட்டடச் சுவர்களில் தண்ணீரைப் பீச்சிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு ஆறுதல். ஒவ்வொரு வருடமும் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு பெரிய உருவத்தையும் ஒரு சின்ன உருவத்தையும் தீயிலிருந்து காப்பாற்றுவார்கள், "மன்னிக்கப்பட்ட பொம்மை" என்று பெயர். 1934-ல் தொடங்கிய வழக்கம். காப்பாற்றிய பொம்மைகள் எல்லாம் வலென்சியாவில் ஃபாயாஸ் மியூசியத்தில் இருக்கின்றன. பார்சிலோனாவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம்தான். ஆனால் அண்ணாச்சி கேட்டது எரிகிற பொம்மை, எரியாத பொம்மையைக் காட்டினால் உங்கள் இன்கிரிமென்ட்டுக்கு நான் பொறுப்பில்லை.

மொன்ஜுயிக் மணி:

பார்சிலோனாவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். முதலில் கண்காட்சி விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் வருடாவருடம் யாராவது ஒருவர் இதில் மாட்டுகிறார்.

ஃபீரா (கண்காட்சி வளாகம்) என்று இங்கே இரண்டு இடம் உண்டு. பழைய கண்காட்சி வளாகம் எஸ்பான்யா சதுக்கத்தில், மொன்ஜுயிக் மலையடிவாரத்தில். உங்கள் கண்காட்சி அங்கே இல்லை, கிரான் வியா வளாகத்தில், பக்கத்து ஊரான ஓஸ்பித்தலேட்டில். டாக்சியில் ஏறி "ஃபீரா" என்று மட்டும் சொல்லாதீர்கள், "ஃபீரா கிரான் வியா" என்று முழுசாகச் சொல்லுங்கள். 2024-ல் கேரளாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் சாம்பிள் பெட்டியோடு எஸ்பான்யா சதுக்கத்தில் இறங்கி, படிக்கட்டு, நீரூற்று, அரண்மனை எல்லாம் பார்த்து, கண்காட்சி ரொம்பப் பிரமாதம் ஆனால் ஒரு மீனையும் காணோமே என்று எனக்குப் போன் செய்தார். சிரிக்க முடியவில்லை, அவருக்கு 10 மணிக்கு மீட்டிங்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ 9 தெற்கு வழி நேராகக் கண்காட்சி வாசலுக்கே போகிறது. பத்துப் பயணம் போகிற சாதாரண டிக்கெட் விமான நிலைய நிலையத்தில் செல்லாது, அதற்கென்று தனி டிக்கெட் எடுக்க வேண்டும். ரூம் இன்னும் போடவில்லை என்றால் இன்றைக்கே போடுங்கள். கண்காட்சி வாரத்தில் விலை இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். வளாகம் பக்கத்தில்தான் தங்க வேண்டும் என்றில்லை. எஸ்பான்யா சதுக்கத்திலிருந்து புறநகர் ரயில் சில நிமிடங்களில் கொண்டுபோய்விடும், அந்தப் பக்கம் பாருங்கள். செருப்பு, ஷூ விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சுமார் 2000 நிறுவனங்கள் கடை போடுகிற இடம், ஒரு ஹாலிலிருந்து இன்னொரு ஹாலுக்கு நடந்தே கால் போய்விடும்.

அப்புறம் திருவிழா. உங்களுக்கு அடித்திருக்கிற அதிர்ஷ்டத்தை டிராவல்ஸ்காரர் சொல்லவே இல்லை போலிருக்கிறது. கண்காட்சியின் கடைசி நாள் 23, வியாழன். அன்றைக்குத்தான் சன் ஜொர்தி, கத்தலான்காரர்களின் காவல் புனிதர் ஜார்ஜின் திருநாள். டிராகனைக் குத்திக் கொன்ற இடத்தில் சிந்திய ரத்தத்திலிருந்து ரோஜாச் செடி முளைத்தது என்று கதை. அதனால் ரோஜா. அதோடு 1930-லிருந்து புத்தக தினமும் அதே தேதிக்கு வந்து சேர்ந்துகொண்டது. யுனெஸ்கோ 1995-ல் உலகப் புத்தக தினத்தை ஏப்ரல் 23-க்கு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆணுக்குப் புத்தகம், பெண்ணுக்கு ரோஜா என்பது பழைய கணக்கு, இப்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. ரோஜாவோடு ஒரு கோதுமைக் கதிரும் மஞ்சள் சிவப்பு நாடாவும் சேர்த்துக் கட்டித் தருவார்கள்.

கவனியுங்கள், அன்று அரசு விடுமுறை கிடையாது. ஆபீஸ் போகிறவர்கள் போய்க்கொண்டேதான் இருப்பார்கள், ஆனால் தெருவெல்லாம் புத்தகக் கடை, பூக்கடை, எழுத்தாளர்கள் மேஜை போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள், கையெழுத்துக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கிற கூட்டம். கண்காட்சியில் கடைசி நாள் மத்தியானத்துக்குமேல் யாருக்கும் வியாபாரத்தில் மனசு இருக்காது, கடையைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் நாலு மணிக்குக் கிளம்பி பசேஜ் தெ கிராசியா என்கிற பெரிய தெருவுக்குப் போய்விடுங்கள். அங்கே காசா பட்லியோ என்கிற புகழ்பெற்ற கட்டடத்தின் மாடங்கள் முழுக்க ரோஜா கட்டியிருக்கும், எதிர்ப் பக்க நடைபாதையிலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். அண்ணாச்சிக்கு வீட்டம்மாவிடம் காட்ட ஒரு படம் ஆயிற்று. சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு நடக்கவே முடியாத கூட்டம், போனை முன் பாக்கெட்டில் வையுங்கள். பின் பாக்கெட்டில் வைத்து ஒன்பது வருடத்தில் இரண்டு போன் தொலைத்தவன் சொல்கிறேன், இந்த ஊர் ஆள் நான், எனக்கே அப்படி.

பட்டாசுக்காது:

இரண்டு போனா! ஒன்று என்றுதானே எங்களிடம் சொன்னீர்கள்.

செவியாவில் நாலு வருசம்:

ஏப்ரல் ஃபெரியா பற்றி நான் சொல்கிறேன், ஆராய்ச்சிப் படிப்புக்காக செவியாவில் இருந்தேன்.

முதலில் தேதி. புனித வாரம் இந்த வருடம் மார்ச் 29 முதல் ஏப்ரல் 5 வரை, அது உங்களுக்குக் கிடையாது. ஃபெரியா ஏப்ரல் 21 முதல் 26 வரை. அதாவது உங்கள் கண்காட்சி தொடங்குகிற அதே செவ்வாய்க்கிழமை இதுவும் தொடங்குகிறது, ஞாயிறு நள்ளிரவு வாணவேடிக்கையோடு முடிகிறது. 24 வெள்ளி காலையில் பார்சிலோனாவிலிருந்து கிளம்பினால் வெள்ளி, சனி, ஞாயிறு உங்களுக்கு இருக்கிறது. ரயிலில் ஐந்தரை மணி நேரம், விமானத்தில் ஒன்றே முக்கால். பெரியவரோடு என்றால் விமானம்.

உங்கள் முதலாளிக்கு இதைச் சொல்லுங்கள், வியாபாரிக்குப் பிடிக்கும். இது திருவிழாவாகப் பிறந்ததே இல்லை. மாட்டுச்சந்தை. 1846-ல் நகர்மன்ற உறுப்பினர்கள் இரண்டு பேர் சந்தை போட அனுமதி கேட்டு மனுக் கொடுத்தார்கள், அதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேருமே செவியாக்காரர்கள் இல்லை, ஒருவர் கத்தலான், இன்னொருவர் பாஸ்க். அடுத்த வருடம் 1847 ஏப்ரல் 18-ல் முதல் சந்தை, 19 கொட்டகைகளோடு. மாடு வாங்க வந்தவன் குடும்பத்தைக் கூட்டிவந்தான், குடும்பம் வந்ததும் சாப்பாடு, பாட்டு, ஆட்டம். ஆட்டத்தாலும் பாட்டாலும் பேரம் பேச முடியவில்லை, காவலுக்கு இன்னும் ஆள் போடுங்கள் என்று வியாபாரிகள் மறுவருடமே முறையிட்டதாகச் சொல்வார்கள். இப்போது மாடு போய்விட்டது, கொட்டகை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஸ்பானிஷில் ஃபெரியா என்றால் சந்தை, கண்காட்சி, திருவிழா மூன்றுக்கும் ஒரே சொல்தான்.

ஆனால் ஒரு சிக்கல், இதை எந்த டிராவல்ஸ்காரரும் சொல்லமாட்டார். அந்தக் கொட்டகைகளுக்கு, கசேத்தா என்பார்கள், பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். குடும்பங்கள், நண்பர் குழுக்கள், சங்கங்கள் சேர்ந்து வாடகை கட்டி வைத்திருப்பவை, வாசலில் ஆள் நிற்பார், தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்தால்தான் போகலாம். கல்யாண மண்டபங்கள் நிறைந்த தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் பத்திரிகை இல்லாமல் நடப்பது போல இருக்கும். முதல் வருடம் நான் அப்படித்தான் மூன்று மணி நேரம் பட்டைப் பட்டையாகக் கோடு போட்ட திரைகளுக்கு வெளியே சுற்றி, அழுகை வராத குறையாக அறைக்குத் திரும்பினேன். இரண்டாம் வருடம் ஆய்வகத்தில் கூட வேலை பார்த்த பெண் அவள் மாமாவின் கசேத்தாவுக்குக் கூட்டிப்போனாள், விடியற்காலை நாலு மணிக்கு அவளுடைய பாட்டி எனக்கு செவியானாஸ் ஆட்டத்தில் முதல் அடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே திருவிழாதான் இரண்டும்.

அதனால் கண்காட்சியில் சந்திக்கிற ஸ்பெயின் வியாபாரிகளிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். அந்தலூசியாக்காரர் (செவியா இருக்கிற தெற்கு மாகாணத்துக்காரர்) யாராவது கண்டிப்பாக இருப்பார், காதிஸ், உவெல்வா பக்கமெல்லாம் மீன் வியாபாரம்தான். "வெள்ளிக்கிழமை செவியா வருகிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவரே சொல்வார். இங்கே ஒருவரைத் தன் கசேத்தாவுக்குக் கூப்பிடுவது கௌரவம். உங்களுக்கு ஆர்டர் கிடைக்கிறதோ இல்லையோ, உட்கார இடம் கிடைத்துவிடும். அதுவும் அமையவில்லை என்றால் நகரின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பொதுக் கசேத்தா உண்டு, அங்கே யாரும் போகலாம். கூட்டமும் சத்தமும் கூடுதல், ஆனால் அதே சாப்பாடு, அதே பாட்டு.

பெரியவரை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கூட்டிப்போங்கள். பகலில்தான் குதிரைகளும் சாரட்டுகளும் வரும், சவாரி செய்கிற ஆண் அகலத் தொப்பியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், பின்னால் பூப்போட்ட பாவாடையைக் குதிரையின் முதுகில் விரித்துப் போட்டு ஒரு பெண். தரை முழுக்க அல்பேரோ என்கிற மஞ்சள் மண், காளைச்சண்டைக் களத்தில் போடுகிற அதே மண், கறுப்பு ஷூ சாயங்காலத்துக்குள் மஞ்சளாகிவிடும். அங்குள்ள தெருக்களுக்கே காளைச்சண்டை வீரர்களின் பெயர்கள்தான் வைத்திருக்கிறார்கள். ஆண்கள் கோட்டு, டை போட்டுத்தான் வருவார்கள், கண்காட்சிக்குக் கொண்டுவந்த கோட்டே போதும். ராத்திரி விளக்கு போட்டதும் முகப்பு வளைவைப் பார்த்துவிட்டு அவரைத் தூங்க அனுப்பிவிடுங்கள்.

குடிக்க ரெபுஹீத்தோ என்று ஜாடி ஜாடியாகக் கொடுப்பார்கள். மன்சனியா என்கிற வெள்ளை ஒயினில் எலுமிச்சை சோடா கலந்தது. குளிர்ச்சியாக, சர்பத் மாதிரி இறங்கும். சர்பத் இல்லை. எச்சரித்துவிட்டேன்.

உப்பளக்காற்று:

அக்கா, ரொம்ப நன்றி. மாட்டுச்சந்தைக் கதையை அண்ணாச்சியிடம் படித்துக்காட்டினேன். "அப்ப அந்தியூர்ச் சந்தையில மாட்டை எடுத்துட்டு கச்சேரிய வச்ச மாதிரி"ன்னு ஒரே வரியில் முடித்துவிட்டார். நெருப்புப் பொம்மையை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் கேட்கிற ஒரே கேள்வி, சாப்பாடு. மாட்டுக்கறி, பன்றிக்கறி இரண்டும் தொடமாட்டார்.

செவியாவில் நாலு வருசம்:

பன்றித் தொடை இல்லாத கசேத்தா கிடையாது, அதிலும் கீரை, கொண்டைக்கடலை என்று கேட்டு வாங்கினால்கூட நடுவில் ஒரு துண்டு பன்றி ஒளிந்திருக்கும். ஆனால் மீன் வியாபாரிக்கு என்ன கவலை. ஃபெரியா தொடங்குகிற ராத்திரிக்கே பெயர் "மீன் ராத்திரி", பெஸ்கயீத்தோ, பொரித்த மீன்தான் அன்றைய சாப்பாடு. மற்ற நாளும் அதுவே கிடைக்கும். நெத்திலி, குட்டிக் கணவாய், காடியில் ஊறப்போட்டுப் பொரித்த சுறா. மசாலா இல்லை, கடலை மாவு மாதிரி லேசான மாவுப் பூச்சு, உப்பு, அவ்வளவுதான். கணவாய்க்கு அங்கே சோக்கோ என்று பெயர், உவெல்வா ஊர்க்காரர்களுக்குப் பட்டப்பெயரே "கணவாய்க்காரர்கள்". தட்டில் வந்ததும் எந்தக் கடல் சரக்கு என்று அண்ணாச்சி மோந்தே சொல்லிவிடுவார்.

ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்கு முன்னால் கிடைக்காது என்பதையும் சொல்லிவையுங்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்றால் கையில் ஏதாவது வைத்திருங்கள்.

முத்திரைத்தாள்:

விசா பற்றி யாரும் சொல்லவில்லையே. அழைப்புக் கடிதம் மட்டும் போதாது தம்பி. கண்காட்சி மூன்று நாள்தான், நீங்கள் இருக்கப்போவது எட்டு ஒன்பது நாள். மீதி நாளுக்கு எங்கே தங்குகிறீர்கள், எப்படிப் போகிறீர்கள் என்று நாள்வாரியாகக் காட்ட வேண்டும். 24 முதல் 28 வரை ரூம் புக்கிங், உள்ளூர்ப் பயண டிக்கெட், கம்பெனி கடிதத்தில் "கண்காட்சியும் அதைத் தொடர்ந்து சுற்றுலாவும்" என்று தெளிவாக ஒரு வரி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. ஆளுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்கு முன்னால் என்பது கடைசிக் கெடு, அதை நம்பி உட்காராதீர்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஏற்கெனவே ஷெங்கன் (பொது விசா உள்ள ஐரோப்பிய நாடுகள்) போயிருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போது எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், 2025 அக்டோபரில் தொடங்கிய முறை. இறங்கியதும் வரிசை நீளும், அன்றைக்கே மீட்டிங் வைக்காதீர்கள்.

கருப்பட்டி:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நாங்கள் மீன் இல்லை, முருங்கைப் பொடி, கருப்பட்டி, சிறுதானிய அவல் மாதிரி. இதுக்கு ஸ்பெயினில் கண்காட்சி உண்டா?

மொன்ஜுயிக் மணி:

அலிமென்தாரியா. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, இரட்டைப்படை வருடங்களில், அதே கிரான் வியா வளாகம். இந்த முறை மார்ச் 23 முதல் 26. ஃபாயாஸ் முடிந்து நாலே நாள். நீங்கள் ஒரு வாரம் முன்னால் வந்தால் உப்பளக்காற்று அண்ணாச்சி பார்க்க ஆசைப்பட்ட பொம்மையை நீங்கள் பார்த்துவிட்டு வியாபாரத்தையும் பார்க்கலாம். அவரிடம் சொல்லவேண்டாம்.

நடைராசா:

தாமதமாக வருகிறேன். தூத்துக்குடிக்காரர் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்பெயினின் வசந்தத்தில் நம் கடற்கரைக்கு நேரடியாகச் சம்பந்தம் உள்ள ஒன்று இருக்கிறது, யாருடைய பட்டியலிலும் வராது.

சவேரியார். புனித பிரான்சிஸ் சவேரியார் பிறந்தது வடக்கே நவாராவில், ஹாவியெர் கோட்டையில், 1506 ஏப்ரல் 7. ஊர்ப் பெயர்தான் நம் வாயில் சவேரியார் ஆயிற்று. 1542-ல் கோவாவில் இறங்கி, அதே வருடம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். அந்தக் கோட்டைக்கு ஒவ்வொரு வருடமும் மார்ச் முதல் பாதியில் நவாரா மக்கள் நடந்தே போவார்கள், ஹாவியெராதா என்று பெயர். பம்ப்லோனாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், ராத்திரி முழுக்க நடப்பார்கள். இளைஞர்கள், கிழவர்கள், சாமி கும்பிடாதவர்கள்கூட. கொப்புளத்துக்கு மருந்து போட வழியில் செஞ்சிலுவைச் சங்கத்தார் நிற்பார்கள். நான் 2019-ல் நடந்தேன். கடைசியாக சங்குவேசா என்கிற சின்ன ஊரிலிருந்து ஹாவியெர் வரை எட்டு கிலோமீட்டர், சிலுவைப் பாதை சொல்லிக்கொண்டே. என்னோடு நடந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். சவேரியார் எங்கள் ஊர்ப்பக்கம்தான் வந்தார் என்று சொன்னேன். அந்த மனிதர் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்த சோரிசோ (பன்றிக்கறித் தொத்திறைச்சி) வைத்த ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

மார்ச் நடை உங்களுக்குக் கிடைக்காது. கோட்டை ஏப்ரலிலும் திறந்திருக்கும். உள்ளே ஒரு சின்ன சிற்றாலயம், சுவர் முழுக்க எலும்புக்கூடுகள் ஆடுகிற ஓவியம், நடுவில் அக்ரூட் (வால்நட்) மரத்தில் செதுக்கிய ஒரு சிலுவை. அதில் இயேசு சிரித்துக்கொண்டிருக்கிறார். லேசான சிரிப்பு, ஒரு பக்கம் நின்று பார்த்தால் தெரியும்.

உப்பளக்காற்று:

அண்ணே, என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் வேலைக்குத்தான் தூத்துக்குடி. சொந்த ஊர் மணப்பாடு. சவேரியார் தங்கிய குகை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், சின்ன வயதில் லீவு நாளெல்லாம் அங்கேதான். அம்மாவிடம் போனில் சொன்னேன், ஸ்பெயின் என்று சொன்னபோது எந்த ஊர் என்றுகூடக் கேட்காதவர், இப்போது மூன்று தடவை போன் செய்துவிட்டார்.

24, 25 செவியா, 26 ஞாயிறு ரயிலில் மாட்ரிட் வழியாக பம்ப்லோனா, 27 காலையில் ஹாவியெர், ராத்திரி மாட்ரிட், 28 விமானம். முடியுமா?

செவியாவில் நாலு வருசம்:

காகிதத்தில் முடியும். 61 வயதுக்காரரை இரண்டு நாள் ஃபெரியாவில் நிறுத்திவிட்டு, மறுநாள் தெற்கிலிருந்து வடக்குக்கு நாட்டையே குறுக்கே இழுத்துப்போவீர்களா? ஒரு ரயில் தாமதமானால் எல்லாம் போச்சு. செவியாவை விடுங்கள், அல்லது ஹாவியெரை விடுங்கள்.

நடைராசா:

அக்கா சொல்வதுதான் சரி. பார்சிலோனாவிலிருந்து பம்ப்லோனா ரயிலில் நாலு மணி நேரம் போல, செவியாவை விட்டால் நிதானமாகப் போகலாம். ஆனால் ஃபெரியாவும் அண்ணாச்சியும் பொருந்துகிற மாதிரி வேறு எதுவும் பொருந்தாது போலிருக்கிறதே.

உப்பளக்காற்று:

முடிவு சொல்கிறேன். நேற்று அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார். அவர் செவியா முடித்து 26 மாட்ரிட், 27 ஒரு நாள் அங்கே அவருடைய சொந்தக்காரப் பையன் வீட்டில், 28 விமானம். என் டிக்கெட்டை மட்டும் 30-க்கு மாற்றச் சொல்லிவிட்டார், இரண்டு நாள் என் லீவில் கழியும், மாற்றுகிற செலவு கம்பெனி கணக்கு. "அம்மைக்கு அங்கயிருந்து ஏதாச்சும் வாங்கிட்டு வா, பில்லு வேண்டாம்" என்றார். முத்திரைத்தாள் ஐயா சொன்னபடி நாள்வாரி அட்டவணையையும் கடிதத்தையும் மாற்றி எழுதி, அதன் பிறகுதான் விசாவுக்குப் போகப்போகிறோம். ஒரு கோவா ஏஜெண்ட் மூலமாகக் காதிஸ் வியாபாரி ஒருவருக்கு மெயிலும் போட்டாயிற்று, கசேத்தா விஷயமாக.

நடைராசா அண்ணே, பம்ப்லோனாவிலிருந்து பஸ் உண்டா? காரை வாடகைக்கு எடுத்து வலப்பக்கம் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை.

நடைராசா:

சங்குவேசா வரை பஸ்ஸில் போங்கள். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், டாக்சி சொல்லிக்கொள்ளலாம்.

உப்பளக்காற்று:

வேளாங்கண்ணிக்கு மூன்று தடவை நடந்தவன் அண்ணே. எட்டு கிலோமீட்டருக்கு டாக்சி எதுக்கு?

நடைராசா:

சரி, நடங்கள். ஆனால் குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் செவியாவில் வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டரை அண்ணாச்சி பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், நவாராவில் குளிரும், மழையும் சொல்லாமல் வரும்.